கதவுக்கு ஒரு ஆள்

அம்மாக்கண்ணுவின் காம்பராவில் எந்நேரமும் ஒரு ஆள் இருக்க வேண்டும். அது அவள் போட்ட சட்டம். கல்யாணமோ, சாவோ, தேரோ, ஆஸ்பத்திரியோ, எதுவானாலும் வீட்டில் ஒருவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் போய் வருவார்கள். மகன் தர்ஷனின் கல்யாணத்தை அவள் தோட்டத்துக் கோயிலிலேயே வைத்துக்கொண்டதற்குக் காரணம் பக்தி அல்ல. கோயில் வாசலில் நின்றால் லயம் தெரியும்.

அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் இருந்தது அந்த லயம். வெள்ளைக்காரன் காலத்து வரிசை வீடுகள். குடும்பத்துக்கு ஓர் அறை, முன்னால் ஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை, பின்னால் அடுப்படி. அந்த அறைக்குத்தான் காம்பரா என்று பெயர். அம்மாக்கண்ணுவுடையது வரிசையின் கடைசி, தொங்கல் காம்பரா. அடுப்படிச் சுவருக்குப் பின்னால் ஆள் நடக்கிற அகலத்துக்கு ஒரு கான், மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். அதைத் தாண்டினால் மண்மேடு. மேட்டுக்கு மேலே தேயிலை.

அவள் சிறுமியாக இருந்தபோது, வேறொரு தோட்டத்தில், அவளுடைய அப்பா வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு பதுளைப் பக்கம் ஒரு சாவுக்குப் போனார். மழையில் பாதை உடைந்து, திரும்புவதற்கு நாளாகிவிட்டது. வந்து பார்த்தபோது கதவில் வேறு பூட்டுத் தொங்கியது. கணக்கப்பிள்ளை இன்னொரு குடும்பத்தைக் குடிவைத்திருந்தார். ஓடிப்போய்விட்டீர்கள் என்று நினைத்தோம் என்று ஆபீசில் சொன்னார்களாம். அந்த மழைக்காலம் முழுவதும் அவர்கள் மாமா வீட்டு அடுப்படியில் படுத்தார்கள். அவளுடைய கடைசித் தம்பி அந்த அடுப்பங்கரையில்தான் பிறந்தான். அவன் அழும்போதெல்லாம் மாமாவின் மனைவி பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவாள். அம்மாக்கண்ணுவுக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது நிலைமை அதைவிட மோசம் என்று அவள் நினைத்தாள். கொழுந்து பறித்து வயதாகி அவள் பேரை விட்டாயிற்று. புருஷன் சின்னத்தம்பி முதுகு போய் அதற்கு முன்பே விட்டிருந்தான். தர்ஷன் கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறான். தோட்டத்து வேலைப் பதிவில் ஒரு பேர்கூட இல்லாத வீடு அது; வேலை செய்கிறவர்களுக்குத்தான் காம்பரா. ஆபீசில் யாரும் நேராக ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் புதிதாகக் கல்யாணம் முடித்த ஜோடி ஏதாவது லயத்துப் பக்கம் வந்து சுவரையும் தகரத்தையும் பார்த்துக்கொண்டு நின்றால் போதும், அவள் உடனே ஸ்தோப்பில் பாயை விரித்து உட்கார்ந்துகொள்வாள்.

பயணப் பேச்சை எடுத்தவன் தர்ஷன். அவன் பெண்டாட்டி தனுஷிகா திருகோணமலைக்காரி, அவனோடு அதே கடையில் வேலை செய்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவைச் சம்பந்தி வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை என்ற குறை இருந்தது. அங்கிருந்து யாழ்ப்பாணம், நயினாதீவு அம்மன், கடைசியாக நெடுந்தீவு என்று அவன் போட்டுவைத்திருந்தான். அம்மாக்கண்ணு அதுவரை கடலில் கால் வைத்ததில்லை.

“அப்பாவும் வரட்டும்மா” என்றான்.

“கதவுக்கு யாரு இருப்பா?”

பக்கத்துக் காம்பரா வீரய்யா ஸ்தோப்புக் கட்டையில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். தேயிலைச் செடியை வெட்டி இறக்குகிற கூட்டத்தில் அவன் வேலை. மனைவி செத்துப் பல வருடம். பிள்ளை இல்லை. பாதி நாள் சாப்பாடு இவர்கள் வீட்டில்தான். முறை எதுவும் கிடையாது. சின்னத்தம்பியை அண்ணே என்று கூப்பிட்டதால் இவளை மதினி என்று கூப்பிட்டான், அவ்வளவுதான்.

“மதினி, அண்ணனையும் கூட்டிக்கிட்டுப் போங்க. கதவுக்கு நான் இருக்கேன்.”

“நீ இருந்தா அது ஓன் வீடாயிரும். பெறகு நான் ஒங்கிட்ட வாடகைக்கு இருக்கணும்.”

“இருங்களேன். வாடகைக்குப் பதிலா ரொட்டி சுட்டுக் குடுங்க. சம்பலுக்கு மட்டும் தேங்கா நான் வாங்குறேன், ஒங்க கஞ்சத்தனம் எனக்குத் தெரியும்.”

“பாத்தீங்களா தர்ஷன் அப்பா, நம்ம சோத்தத் தின்னுட்டு நமக்கே கணக்குச் சொல்றான்.”

சின்னத்தம்பி சிரித்தான். “எனக்கு அந்தத் தண்ணியே வேணாம்ப்பா. டீவியில பாத்தாலே தல சுத்துது. நீங்க போயிட்டு வாங்க, நான் இருக்கேன்.”

புறப்படுகிற காலையில் வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில் ஏறிய பிறகும் அம்மாக்கண்ணு தலையை வெளியே நீட்டிச் சொன்னாள். “கடைக்குப் போனாலும் சுருக்க வந்துருங்க. என்னா நடந்தாலும் காம்பராவ விட்டுட்டுப் போயிராதீங்க.”

“போவலடி. நீ மொதல்ல போ.”

திருகோணமலையில் சம்பந்தி வீட்டார் மீன் ஆக்கிப் போட்டார்கள். கோணேசர் கோயில் மலையிலிருந்து துறைமுகத்தைப் பார்த்தாள். கப்பல்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்து, “இதெல்லாம் பழுதா?” என்று கேட்டாள். தனுஷிகா சிரித்துச் சிரித்துத் தூணில் சாய்ந்துவிட்டாள். “மாமி, அது நங்கூரம் போட்டு நிக்குது.” “என்னமோ போட்டுட்டு நிக்குது. ஒரு ஆள்கூடத் தெரியலையே மேல. கப்பலுக்குக் காவல் இல்லையா?”

அங்கிருந்து வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

“எங்க இருக்கீங்க?”

“காம்பராவுலதான். வேற எங்க போவ?”

காங்கேசன்துறையில் வானை நிறுத்தித் துறைமுகத்தைக் காட்டினார்கள். நாகபட்டினத்துக் கப்பல் இங்கேதான் வருகிறது, அந்தப் பக்கம்தான் இந்தியா என்று தர்ஷன் கையை நீட்டினான். அவள் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் அந்தத் திசையைப் பார்த்தாள். “அங்க நமக்கு யாரு இருக்கா?” என்றுவிட்டு போனை வாங்கினாள். சின்னத்தம்பி காம்பராவில்தான் இருந்தான். வீரய்யா பக்கத்திலிருந்து, “மதினி, அண்ணன் நேத்து ராத்திரி சோத்தக் கரிச்சிட்டாரு, லயமே இருமுது” என்று கத்தியது கேட்டது.

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறினார்கள். ஆட்களை அடிப்பகுதியில் நெருக்கி உட்காரவைத்திருந்தார்கள். எண்ணெய் வாடையும் இயந்திரச் சத்தமும். அம்மாக்கண்ணு இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவள், கொஞ்சம் போனதும் ஒரு கண்ணைத் திறந்தாள்.

“ரோட்டு இல்லாம எப்படித்தான் ஓட்டுறானோ.”

“பழக்கம்தான் மாமி.”

“பழக்கம்னா? முடக்கு வந்தா கோன் அடிப்பானா?” மலை ரோட்டு வளைவுகளில் பஸ் ஹாரன் அடிப்பதைக் கேட்டே பழகியவள் அவள்.

நயினாதீவில் அம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று தனுஷிகா கேட்டபோது, “வீட்டுக்குத்தான்” என்றாள். தனுஷிகா அதைக் குடும்பத்துக்கு என்று எடுத்துக்கொண்டிருப்பாள். அம்மாக்கண்ணு காம்பராவைத்தான் சொன்னாள். அடுத்த நாள் நெடுந்தீவுப் படகில் ஏறியபோது கடலில் நெளிவு அதிகமாக இருந்தது. தர்ஷன் வாந்தி எடுத்தான். அவள் எடுக்கவில்லை. மகனின் முதுகைத் தடவிக்கொண்டே, மலையில் நடந்த கால் எதற்கும் அசையாது என்று மருமகளிடம் பெருமையடித்துக்கொண்டாள். தீவில் கல்லடுக்கிய வேலிகளையும் மேய்கிற குதிரைகளையும் பார்த்தார்கள். ஜெயசீலி என்ற பெண்ணின் வீட்டில் பயணிகளுக்கு அறை கொடுப்பார்கள். அங்கே தங்கினார்கள்.

மறுநாள் திரும்பியிருக்க வேண்டும். விடிந்தபோது தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. ஜெயசீலி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“புயலாம். இண்டைக்குப் படகு ஓடாது. நாளைக்கும் ஓடாதெண்டுதான் சொல்லினம்.”

“வீட்டுல ஆள் தனியா இருக்காரே” என்றாள் அம்மாக்கண்ணு.

“மலையில தானே அம்மா? கடல் அங்க வராது. நீங்கள்தான் இப்ப கடலுக்கு நடுவில இருக்கிறியள்.”

அது சரி என்றுதான் எல்லோருக்கும் பட்டது. முன்பகலில் சின்னத்தம்பியே போன் எடுத்தான். அவனாக எடுப்பது வழக்கமில்லை.

“இங்க மழை விடவேயில்ல புள்ள. மேட்டுக் கான்ல சேறா வருது. கிராம சேவகரு வந்து எல்லாரையும் ஸ்கூலுக்குப் போகச் சொல்றாரு. மண்ணு சரியும்ங்குறாங்க.”

“போன வருஷமும் இப்படித்தான் சொன்னாங்க. சரிஞ்சிச்சா?”

“சரியலதான்.”

“அந்தத் தடவ போன ஆளுங்க கோழியெல்லாம் களவு போச்சு. கோழின்னா பரவால்ல. நம்ம காம்பரா தெறந்து கெடந்தா நாளைக்கு வந்து, நீங்க ஸ்கூல்லயே இருங்க, இத சும்மாவா வச்சிருக்கிறதுன்னு சொல்லுவாங்க. பேரில்லாத வீடுங்க அது.”

போனில் மழையின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“மத்தவங்க போறாங்களா?”

“கொஞ்சப் பேரு போறாங்க.”

“வீரய்யா?”

“அவன் போவல.”

“அப்ப நீங்களும் இருங்க. ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருங்க. எங்கயும் போயிராதீங்க, நான் வந்து சேர்ற வரைக்கும்.”

“சரி சரி. இருக்கேன்.”

பின்னேரம் அவள் திரும்ப எடுத்தாள். இந்த முறை போனில் பிள்ளைகளின் சத்தம் நிறையக் கேட்டது. எங்கே இருக்கிறீர்கள் என்றாள். காம்பராவில்தான் என்றான். பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்றதற்கு, “அடுத்த வீட்டுப் புள்ளைங்க, இங்க வந்து வெளையாடுதுங்க” என்றான். சாப்பிட்டீர்களா என்று கேட்டு முடிப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த நம்பர் கிடைக்கவில்லை.

இருட்டுவதற்கு முன் தர்ஷன் தன் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவன், அதைச் சட்டென்று கவிழ்த்து வைத்தான். அம்மாக்கண்ணு அதைக் கவனித்தாள். காட்டு என்றாள். ஒன்றுமில்லை என்றான். காட்டு என்றாள். யாரோ பிடித்துப் போட்ட படம். ஒரு மலையின் பச்சை நடுவே கிழிந்து, செம்மண் கீழே வரைக்கும் வழிந்து கிடந்தது. கீழ்நுனியில் ஒரு தகரத்தின் மூலை. எந்த ஊர் என்று போட்டிருக்கவில்லை. எந்த ஊராக இருந்தாலும் அவளுக்கு அந்த இடம் தெரியும். மேடு, கான், அடுப்படி, லயம். எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

“அப்பாவ வெளிய போகச் சொல்லு.”

“லைன் இல்லம்மா. டவர் விழுந்திருச்சு போல.”

“வேற யாருக்காச்சும் அடி. கோயில் தலைவருக்கு அடி. ஆபீசுக்கு அடி. காம்பராவ விட்டுட்டுப் போகச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. அம்மா சொன்னாங்கன்னு சொன்னாத்தான் போவாரு. இல்லாட்டி போகமாட்டாரு.”

அவன் தெரிந்த எல்லோருக்கும் அடித்தான். தனுஷிகாவும் தன் போனில் அடித்தாள். ஒரே சிங்களப் பெண் குரல் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரே பதிலைச் சொன்னது. பிறகு தீவிலும் மின்சாரம் போனது. அம்மாக்கண்ணு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, எத்தனை முறை, எந்தச் சொல்லில், போகாதீர்கள் என்று சொன்னோம் என்பதை நினைத்துப் பார்த்தாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் சின்னத்தம்பி கேட்டிருக்கமாட்டான். அவள் சொன்னால் கேட்பான். கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் அவளுக்குப் பிடித்ததே அதுதான்.

காலையில் அவள் ஒருவரிடமும் சொல்லாமல் மழையில் இறங்குதுறைக்கு நடந்தாள். ஜெயசீலி குடையோடு பின்னால் ஓடிவந்தாள். கட்டிவைத்த படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. நேவிக் காவல் கூடாரத்தில் ஓர் இளைஞன் மட்டும் இருந்தான். அம்மாக்கண்ணுவுக்குச் சிங்களம் நன்றாக வரும். தன் புருஷன் அக்கரப்பத்தனையில் தனியாக இருக்கிறார், மண் சரிகிற இடம், நேவியில் கம்பியில்லாத போன் இருக்குமே, அதில் யாரிடமாவது சொல்லி அவரை வெளியே எடுக்கச் சொல்ல முடியாதா என்று கேட்டாள். தான் நேற்றுச் சொன்னதைக் கேட்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னால் போதும் என்றாள்.

அவன் முழுவதையும் கேட்டான். பிறகு தன் போனை எடுத்து அவளிடம் காட்டினான். அழைத்த நம்பர்களின் வரிசையில் மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர்தான் இருந்தது. அம்மா.

“மகே அம்மாத் எஹே” என்றான். என் அம்மாவும் அங்கேதான். அதே மலைநாட்டில், வெலிமடைப் பக்கம்.

 இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெயசீலி குடையை அவள் தலைக்கு மேலே பிடித்திருந்தாள். காற்று அதைப் பின்பக்கமாக மடித்துவிட்டது.

படகு விட்ட நாளில் முதல் ஆளாக ஏறினாள். அலை இன்னும் அடங்கவில்லை. தனுஷிகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாக்கண்ணு கண்ணை மூடவுமில்லை, பலகையைப் பிடிக்கவுமில்லை. வான்காரன் மலைக்கு வரமுடியாது என்று வவுனியாவோடு நின்றுவிட்டான். அங்கிருந்து பஸ் மாறி மாறி, வெள்ளம் அறுத்த இடங்களில் இறங்கி நடந்து மறுபக்கம் ஏறி வந்தார்கள். பொல்பிட்டியவுக்கு மேலே ரோட்டில் விழுந்த மண்ணை மெஷின் அள்ளிக்கொண்டிருந்தது. பஸ்சிலிருந்த எல்லோரும் அதையே பார்த்தார்கள்.  ஹட்டன் வந்தபோது தர்ஷனின் போனுக்குச் சிக்னல் வந்தது. அப்பாவின் நம்பரும் தோட்டத்து நம்பர்களும் மட்டும் கிடைக்கவில்லை.

ஹோல்புரூக் சந்தியில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த அழகன் அவர்கள் தோட்டத்துக் கீழ்க்கணக்குப் பையன். அவர்களைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டான்.

“அழகா, எங்க லயம்?”

“மேக்கணக்குல மேடு எறங்கிருச்சு பெரியம்மா.”

“ஆளுங்க?”

“எல்லாரும் ஸ்கூல்லதான் இருக்காங்களாம். ஒருத்தரத்தான்…” அவன் தர்ஷனைப் பார்த்தான். “இன்னைக்குக் காலையிலதான் எடுத்தாங்களாம். நான் போவல பெரியம்மா, பாதை இல்ல. கேள்விப்பட்டதுதான்.”

“எந்தக் காம்பரா?”

அழகன் குனிந்து கீழே போட்ட துணியை எடுத்தான்.

“கேக்குறேன்ல. எந்தக் காம்பரா?”

“தொங்கல்னுதான் சொன்னாங்க.”

அவள் அழவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். பாதை போகிற வரைக்கும் அவன் கொண்டுபோய் விட்டான். அதற்கு மேல் தேயிலை மலையில் குறுக்கே ஏறினார்கள். அவள் ஆயுள் முழுக்கக் கொழுந்து எடுத்த மலை. தனுஷிகா வழுக்கி விழுந்து எழுந்து விழுந்து வந்தாள். அம்மாக்கண்ணு முன்னால் போய்க்கொண்டே தனக்குத்தானே பேசினாள். “இருக்கச் சொன்னேன்ல. இருந்துட்டாரு. சொன்னா கேக்குற மனுசன். இருந்துட்டாரு.” தர்ஷன் அவள் தோளைத் தொட்டான். அவள் தட்டிவிட்டாள்.

ஸ்கூல் மைதானத்தில் பெரிய அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கயிறு கட்டி ஈரத்துணிகள் போட்டிருந்தார்கள். அவள் வருவதைக் கண்ட பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் ஒரு பிளேன்டீ வாளியைத் தூக்கிக்கொண்டு வகுப்பறையிலிருந்து வெளியே வந்தவன் சின்னத்தம்பி.

அவன் வாளியைக் கீழே வைத்தான். கிட்டே வரவில்லை. பிடிபட்ட ஆளைப்போல அங்கேயே நின்றான்.

அம்மாக்கண்ணு போய் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். முகத்தைத் தடவினாள். பிறகு கையை மடக்கி அவன் நெஞ்சில் ஒரு குத்துக் குத்தினாள். தர்ஷன் அப்பாவைக் கட்டிக்கொண்டு சத்தம்போட்டு அழுதான். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் கேட்டாள்.

“காம்பராவுல இருக்கேன்னு சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

“இங்க இருந்துக்கிட்டா சொன்னீங்க?”

“ரெண்டாவது தடவ நீ பேசுறப்ப இங்கதான் இருந்தேன். ஒளிச்சிட்டேன் புள்ள. பின்னால மண்ணு என்னமோ முனகுற மாதிரி கேட்டிச்சு. எனக்கு இருக்க முடியல. வந்துட்டேன்னு சொன்னா நீ ஏசுவ. அந்தத் தூரத்துல இருந்துக்கிட்டுத் திங்காம கெடப்ப. அதான்.”

அவளுக்குச் சிரிப்பு வருவதைப்போல இருந்தது. இந்த மனுஷன் ஒரு தடவையாவது தன் பேச்சை மீறியிருக்கிறான். அந்தப் பொய்யில்தான் அவன் உயிர் இருந்திருக்கிறது. அவள் நேவிக்காரனிடம் கெஞ்சியதும், நம்பர் நம்பராக அடிக்கச் சொன்னதும், தூங்காமல் உட்கார்ந்திருந்ததும் ஒன்றும் அவனுக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை. அப்புறம்தான் அழகன் சொன்னது திரும்ப வந்தது. தொங்கல் காம்பரா.

“அப்ப அங்க இருந்தது யாரு?”

சின்னத்தம்பி வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தாள். அடுப்படியில் நின்றவர்களை, வகுப்பறை வாசலில் உட்கார்ந்திருந்தவர்களை, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கிண்டல் பண்ணிக்கொண்டு முதல் ஆளாக முன்னால் வந்து நிற்க வேண்டிய ஒருவன் இல்லை.

“நான் சொல்லல புள்ள. அவனாத்தான் சொன்னான். அண்ணே நீங்க போங்க, ஒங்களுக்குப் பயமாருக்கு, எனக்கென்ன, நான் கதவுக்கு இருக்கேன், மதினி வந்தா நீங்கதான் இருந்தீங்கன்னு சொல்லிக்கிருவோம்னான். நான் வேணாம்னேன். ஒரு தடவதான் சொன்னேன். ரெண்டாவது தடவ சொல்லல.” அவன் மூக்கைத் துடைத்தான். “அவன் காம்பரா அப்படியே நிக்குது. ஒரு தகரங்கூடக் கழரல. அங்க படுத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது.”

வீரய்யாவைப் பிள்ளைக்காம்பரா விறாந்தையில் போட்டு வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். பகலில் வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. சுவரில் முயலும் யானையும் வரைந்திருந்தது. பெண்கள் இரண்டு மூன்று பேர் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஒப்பாரி எடுக்கவில்லை. தாய், தங்கை, பெண்டாட்டி என்று முறை உள்ள ஒருத்தி எடுத்துக்கொடுத்தால்தான் மற்றவர்கள் சேர முடியும். அப்படி அவனுக்கு யாருமில்லை. அம்மாக்கண்ணு கால்மாட்டில் உட்கார்ந்தாள். துணிக்கு வெளியே பாதம் ஒன்று தெரிந்தது. யாரோ கழுவியிருந்தார்கள், நகத்தடியில் மட்டும் மண் போகவில்லை. அவள் வாயைத் திறந்தாள். எந்த முறை சொல்லி அழைப்பது என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு, “ஏ கொழுந்தனாரே” என்று எடுத்தாள்.  பெண்கள் நகர்ந்து வந்து அவள் தோளில் கை போட்டார்கள்.

பொலிஸ் சார்ஜன் ஒருவர் சேற்றுச் சப்பாத்தோடு படியேறி வந்தார். நாலைந்து நாளாகத் தூங்காத முகம். அந்த மலையில் இன்னும் பல இடங்களுக்கு அவர் போக வேண்டியிருந்தது. சிங்களத்தில்தான் கேட்டார்.

“இவரை எடுத்த வீடு யாருடையது?”

சின்னத்தம்பி மனைவியைப் பார்த்தான். ஆபீஸ் ஆட்களிடமும் பொலிசிடமும் எப்போதும் அவள்தான் பேசுவாள். அம்மாக்கண்ணுவுக்கு, எங்களுடையது என்று சொல்ல நாக்கு எழும்பியது. ஆனால் சொல்ல முடியவில்லை. இத்தனை காலத்தில் யாரும் அவளிடம் அதை இப்படி நேராகக் கேட்டதில்லை.

“தோட்டத்தோடது, மாத்தயா.”

“குடியிருந்தது?”

“நாங்க.”

“இவர் உங்களுக்குச் சொந்தமா?”

“இல்ல. பக்கத்து வீடு.”

“அவருடைய வீடு நன்றாகத்தானே இருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். அந்த மழையில் உங்கள் வீட்டில் அவருக்கு என்ன வேலை?”

சின்னத்தம்பியின் உதடு அசைந்தது. அவன் சொல்லப் போவது அவளுக்குத் தெரிந்தது. அதைச் சொல்லவிட்டால் மிச்சமிருக்கிற காலம் முழுக்க அவன் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருப்பான் என்பதும் தெரிந்தது. அவள் வீரய்யாவின் பாதத்தைத் துணியால் மூடிவிட்டு எழுந்து நின்றாள்.

“நான்தான் இருக்கச் சொன்னேன்” என்றாள்.

“நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்?”

“கடல்ல.”

சார்ஜன் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.  பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது அடக்கம் செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். மழை விட்டால் பின்னேரம் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். மழை விடவில்லை. ஆனாலும் பின்னேரமே எடுத்தார்கள்.